கட்டிலுக்கு அடியில் டாக்டர்

“டாக்டரே, நீங்களா வெளியே வர்றீங்களா, இல்ல வலை போட்டு இழுக்கட்டுமா?”

படகுக்காரர் மருத்துவமனைத் தரையில் குப்புறப் படுத்து, இரும்புக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“முடியாது. ஊசின்னா எனக்கு ஆகாது,” என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே பாதித் தீவு நின்றது. மீதிப் பாதி கதவை அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் படகுத்துறையில் டாக்டரை ஒரு வெறிநாய் கடித்துவிட்டது என்பதுதான் எங்கும் பேச்சு. இருபது வருஷமாக அந்தத் தீவில் பிறந்த குழந்தைகளையெல்லாம் முதல்முதலாக அழவைத்தவர் அவர். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அவ்வளவு கடலைத் தாண்டி இன்னொரு டாக்டர் வருவார் என்று நம்ப அங்கே யாரும் தயாராக இல்லை.

“என் இடுப்புல எத்தனை ஊசி குத்தியிருப்பீங்க?” என்றாள் மீன் விற்கும் அத்தை. “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லிச் சொல்லியே குத்துவீங்களே. இப்ப எறும்புக்குப் பயந்தா ஒளிஞ்சிருக்கீங்க?”

“அது உங்க இடுப்பு அத்தை. இது என் கை.”

ஜன்னலில் சிரிப்பு வெடித்தது.

“யோவ் டாக்டரே, அங்க ஒரு எலி இருக்கும். அதுவும் கடிச்சிடப் போகுது, பார்த்து,” என்று யாரோ கரிசனப்பட்டார்கள்.

அறையிலிருந்த ஒரே நாற்காலியில், முதுகு சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் டாக்டரின் அப்பா. மகனோடு தங்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நகரத்தில் பெரிய வேலையை உதறிவிட்டு அவன் இங்கே வந்ததைக்கூட அவர் மன்னித்துவிட்டார். வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அவனை ‘யோவ்’ என்று கூப்பிடுவதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அவர் குடும்பத்தில் ஒருவரையும் யாரும் ‘யோவ்’ என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட ஆசைப்பட்டவர்கள்கூட அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் ஆசைப்பட்டார்கள்.

“எழுந்து வாடா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “மானம் போகுது.”

“மானம் போனா வலிக்காதுப்பா.”

நர்ஸ், நாய்க்கடி மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு நின்றாள். “ஐயா, நீங்களாவது சொல்லுங்க. இன்னிக்கே போட்டாகணும். விஷம் மூளைக்கு ஏறிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணியைக் கண்டாலே மிரள ஆரம்பிச்சிடுவாரு.”

“தீவுல இருந்துக்கிட்டுத் தண்ணியைக் கண்டு மிரண்டா எங்கதான் போவாரு மனுஷன்?” என்றார் படகுக்காரர்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். “தொப்புளைச் சுத்தித்தானே போடுவாங்க?”

“அதெல்லாம் பழைய கதைங்கய்யா. இப்ப தோள்லதான்.”

“யாருக்குத் தெரியும், குடும்பமே இப்படித்தானோ என்னமோ,” என்று அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். “பயந்தாங்கொள்ளி ரத்தம். ஐயாவும் சும்மா விறைப்பாத்தான் உட்கார்ந்திருக்காரு. ஊசியை அவர் பக்கம் திருப்புங்க, அவரும் கட்டிலுக்கு அடியிலதான்.”

“அங்க இன்னொருத்தருக்கு இடம் இருக்கா டாக்டரே?” என்று படகுக்காரர் குனிந்து விசாரித்தார்.

“அப்பாவுக்குன்னா கொஞ்சம் நகர்ந்து படுக்கிறேன்.”

பெரியவர் எழுந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் மெதுவாகக் குனிந்து, வலதுகால் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். கெண்டைக்காலில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தார். பல் பதிந்த காயம், ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“நல்லாப் பார்த்துக்குங்க. அதே நாய். அதே படகுத்துறை. நான் கத்தினேனா, ஓடினேனா? கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு வந்து பலகாரம் சாப்பிட்டேன். நாய் கடிச்சதையெல்லாம் நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டுத் திரியற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லை.” நர்ஸ் பக்கம் தோளைத் திருப்பினார். “எனக்கு முதல்ல போடும்மா. எங்க ரத்தம் எப்படிப்பட்டதுன்னு இவங்களும் பார்க்கட்டும்.”

நர்ஸ் அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போய், காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். பிறகு தோளில் ஊசி ஏறியது, காயத்தைச் சுற்றி வேறு மருந்தும் ஏறியது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு கட்டிலைப் பார்த்துச் சொன்னார்: “இப்ப நீ போட்டுக்கோ. நான் வீட்டுக்குப் போறேன். நீ அழறதைப் பார்க்க என்னால ஆகாது.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நொண்டுவது தெரியாமல், நெஞ்சை நிமிர்த்தி நடந்து போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்த பிறகுதான் டாக்டர் தவழ்ந்து வெளியே வந்து, சட்டையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

“ரத்தம் அது இதுன்னு கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ டாக்டரே?” என்றாள் அத்தை தயங்கித் தயங்கி.

“குறைவாத்தான் பேசினீங்க அத்தை. மூணாம் நாள் அடுத்த ஊசி இருக்கு, அன்னிக்கு இன்னும் கேவலமாத் திட்டணும்.” டாக்டர் படகுக்காரர் தோளில் கை போட்டார். “காலையில அப்பாவை நாய் கடிச்சதை இவர் பார்த்துட்டு வந்து சொன்னதும் அவர்கிட்ட நேராவே கேட்டேன், சிப்பி கிழிச்சதுன்னு சாதிச்சிட்டாரு. அதனால, என்னை எந்த நாயும் கடிக்கலைங்கற விஷயம் மட்டும் அவர் காதுக்குப் போயிடக் கூடாது.”