அம்புலன்ஸில் சொன்னது

அம்புலன்ஸ் நிலையத்துக்கு நாகேஸ்வரி வருவது இது ஐந்தாவது மாதம். கூட்டிக்கொண்டு வந்த தங்கை சந்திரவதனா வழக்கம்போலக் காரிலேயே இருந்துவிட்டாள்.

அம்புலன்ஸ் ஊழியன் கென் எழுந்து அவள் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டான்.

“இன்னும் ஒரு தடவை சொல்வீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வண்டியிலேயே மின்சாரம் கொடுத்து உயிர் மீட்கும் அம்புலன்ஸ் மெல்பேர்ணில் புதிதாக வந்திருந்த காலம் அது. ட்ராம் தரிப்பிடத்தில் விழுந்துகிடந்த அவள் கணவர் வரதராஜாவின் நின்றுபோன இதயத்தை ஓடவைத்தவன் கென்தான். வண்டிக்குள் அவர் கண் விழித்துத் தமிழில் ஏதோ சொன்னார். இரண்டு நிமிடம்தான். மறுபடி நின்ற இதயம் பிறகு எதற்கும் அசையவில்லை. அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டது, தமிழே தெரியாத கென் மட்டும்.

அவன் கண்களை மூடி, காதில் தங்கியிருந்ததை மெதுவாகச் சொன்னான். நாகேஸ்வரி தலை குனிந்து கேட்டாள்.

“மன்னியுங்கள். நான் சரியாகச் சொல்லியிருந்தால் இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.”

“பரவாயில்லை. அடுத்த மாதம் வருகிறேன்.”

காரில் ஏறியதும் சந்திரவதனா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “அடுத்தமுறை நானும் உள்ளுக்கு வாறன் அக்கா. ரெண்டு பேருமாக் கேட்டால் விளங்கும்.”

“வேண்டாம் வதனா. எனக்கு முதல் நாளே விளங்கீட்டுது.”

“பிறகேன் மாசாமாசம் வாறியள்?”

நாகேஸ்வரி நிலையத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலமை வேலைக்கு வெளிக்கிடேக்கை வாசலிலை நிண்டு சொல்லுவார், ‘போயிட்டு வாறன்’ எண்டு. அதைத்தான் அண்டைக்கும் சொல்லியிருக்கிறார். இப்ப எனக்கு அதைச் சொல்ல இந்த வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் இருக்கிறான்.”