லோஹியாவின் வெள்ளைச் சிரிப்பு

“வாய் சிவந்த ஆளை ஓட்டல் வாசலில் நிறுத்த மாட்டேன்” என்று மேலாளர் சொன்ன நாளிலிருந்து லோஹியா பாக்கைத் தொடவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து இடுப்பொடிந்தவனுக்கு அந்த வாசல்காவல் வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது.

“பாக்கு வேணாங்கிறவன்கிட்ட என்னத்தைப் பேசறது மச்சான்?” என்று மைத்துனன் வாகி கேலி செய்தான். போர்ட் மோர்ஸ்பியில் பாக்கு இல்லாமல் பேச்சு ஏது?

லோஹியா தினமும் காலையில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பல்லில் தேய்த்தான்.

“எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா சீக்கிரம் வெளுக்குமாமே?” என்று கேட்டான்.

“பல்லே அரிச்சுப் போயிடும்யா. மெதுவாத் தேய், இது பல்லு, படகு இல்ல” என்றாள் மனைவி போயோ.

மெல்ல மெல்லக் கறை போனது. மேலாளர் சிரிக்கச் சொன்னார், சிரித்தான். “வேலை உனக்குத்தான். உடம்பை மட்டும் ஒரு தடவை காட்டிட்டு வா” என்று ஓட்டல் நர்ஸிடம் அனுப்பினார்.

அவள் வாயைத் திறக்கச் சொன்னதும் லோஹியா கன்னத்தையும் இழுத்துப் பெருமையாகக் காட்டினான்.

“உள்ளகூட ஒரு இடம் வெளுத்திருக்கு பாருங்க சிஸ்டர். எல்லாம் சோடாதான்!”

நர்ஸ் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தாள். வெள்ளை போகவில்லை. அவள் முகம் மாறியது.

“சோடா இப்படி வெளுக்காதுண்ணே. இது பாக்கு பண்ணின வேலை. இத்தனை நாள் சிவப்பு மறைச்சு வச்சிருக்கு. புத்துநோயோட தொடக்கமாக்கூட இருக்கலாம். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

லோஹியா இழுத்த கன்னத்தை விட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“இது போக எதைப் போட்டுத் தேய்க்கணும் சிஸ்டர்?”