நாய்க்கு ஒரு பதக்கம்

அந்த நாய்க்கு நம் பத்திரிகை சார்பில் ஒரு பதக்கம் கொடுக்கப் போகிறோம் என்று ஆசிரியர் சொன்னதும் விமர்சகருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பின்னே, நாயின் நடிப்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதே அவர்தானே.

படம் நகைச்சுவைப் படம். சுவரொட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. கதாநாயகி ஊரறிந்த சீமாட்டி. எந்தக் கடை திறந்தாலும் ரிப்பன் வெட்டுவார். எந்த விருந்திலும் நட்ட நடுவில் நிற்பார். அவருடைய கைப்பைக்குக்கூடப் பத்திரிகைகளில் தனியாகப் படம் வரும். அப்படிப்பட்டவருக்கு நடிக்க ஆசை வந்தது, டிக்கெட் வாங்கியவர்களின் போதாத காலம்.

எல்லாப் பத்திரிகைகளும் திட்டின. ஆனால் நம் விமர்சகர் திட்டியதுதான் ஊர் வாயில் விழுந்தது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தேள்'.

"அம்மணி அழுதால் நமக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுகை வருகிறது" என்று ஆரம்பித்தவர், கடைசியில் இப்படிக் கொட்டியிருந்தார்:

"இந்தப் படத்தில் நடித்திருப்பது ஒரே ஒரு ஜீவன். அது படத்தில் அம்மணி வளர்க்கும் நாய். அம்மணி தலையில் வைக்கும் விக்கைக் கடித்துக் குதறியதற்காக வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, கொட்டும் மழையில் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அது நடிப்பு. முகத்தைக்கூடக் காட்டாமல், முதுகாலேயே நம்மை அழவைத்துவிட்டது. அம்மணி அந்த நாயிடம் போய்ப் பாடம் படிக்கட்டும்."

அழவைத்தது என்பது வெறும் எழுத்து அலங்காரம் இல்லை. தியேட்டரில் அவர் மூக்கை உறிஞ்சிய உறிஞ்சலில், ஜலதோஷமா என்று மனைவி கேட்டார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தார் தேள்.

கட்டுரை வந்த வாரமே நாயைப் பற்றி விசாரித்துக் கடிதங்கள் குவிந்தன. சீமாட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதக்கம்.

குறித்த நேரத்துக்கு நாய் வந்தது. கன்றுக்குட்டி அளவு, உடம்பு முழுக்க வெள்ளை முடி. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அதை வளர்க்கும் நாய்க்காரர் வந்தார். அவருக்குப் பின்னால், யாரும் அழைக்காமலே, கறுப்புக் கண்ணாடியும் குதிகால் செருப்புமாகச் சீமாட்டியும் வந்தார்.

விமர்சகர் மேஜைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைக் கொட்டியிருக்கிறார். கொட்டு வாங்கியவர் இப்படி நேரில் வந்து நின்றதில்லை. பிழை திருத்துபவர் முன்யோசனைக்காரர். மேஜைமேல் இருந்த கனமான சாமான்களையெல்லாம் ஓசைப்படாமல் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

"நீங்கதானே எழுதினது?" என்றார் சீமாட்டி.

"ஆமாம்மா."

"அந்த மழைக் காட்சியைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதை மட்டும் நாலு தடவை படிச்சேன்."

அது நன்றியா மிரட்டலா என்று விமர்சகருக்கு விளங்கவில்லை. சீமாட்டியோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விழா ஆரம்பித்தது. எது முகம், எது பின்புறம் என்று தெரியாமல் விமர்சகர் முதலில் வால் பக்கம் பதக்கத்தை மாட்டப் போனார். நாய்க்காரர் மெதுவாக நாயைத் திருப்பிவிட்டார். பதக்கம் கழுத்தில் ஏறிய கையோடு நாய் அதன் ரிப்பனைத் தின்னத் தொடங்கியது.

பேசச் சொன்னார்கள். சீமாட்டி அமைதியாக இருந்ததைப் பார்த்து விமர்சகருக்குத் தைரியம் வந்திருந்தது. தேளுக்கு வால் சும்மா இருக்குமா?

"பெரிய இடத்துக்காரங்களுக்கு வராத நடிப்பு இந்த வாயில்லா ஜீவனுக்கு வந்திருக்கு" என்றார். எல்லோரும் ஓரக்கண்ணால் சீமாட்டியைப் பார்த்தார்கள்.

கைதட்டலை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். கடைசிவரை தட்டியதும் அவர்தான்.

எருமைத் தோல் என்று நினைத்துக்கொண்டார் விமர்சகர். இவ்வளவு சொல்லியும் உறைக்கவில்லையே, பணம் இருந்தால் சொரணை போய்விடும்போல.

புகைப்படமெல்லாம் எடுத்து முடிந்ததும் சங்கிலியை வாங்கிக்கொண்டு சீமாட்டி நாயைக் காருக்கு அழைத்துப் போனார். நாய்க்காரர் மட்டும் நகரவில்லை. எல்லோரும் அவரவர் மேஜைக்குத் திரும்பும்வரை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், மனசு உறுத்துது. உங்ககிட்ட மட்டும் சொல்லிடறேன். ஆனா எழுதிடாதீங்க."

"என்னப்பா?"

"உங்க கட்டுரையால என் நாய்க்கு ரெண்டு படம் வந்திருக்கு. விஷயம் வெளியில தெரிஞ்சா ரெண்டும் போயிடும், மூச்சுவிடக் கூடாதுன்னு இந்த அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

"எந்த விஷயம்?"

"மழை சீன் எடுத்த அன்னிக்கு நாய்க்கு நல்ல ஜுரம் சார். நனைஞ்சா தாங்காதுன்னு காலைப் பிடிச்சுக் கேட்டேன், டைரக்டர் விடலை. அம்மாதான் அதைத் தூக்கிட்டுப் போய்த் தன் காருக்குள்ள படுக்க வெச்சுப் போர்த்திவிட்டாங்க."

"அப்போ மழையில உட்கார்ந்திருந்தது எந்த நாய்?"

நாய்க்காரர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நாயே இல்லை சார். வீட்டுல இருந்த வெள்ளைக் கம்பளத்தை எடுத்துட்டு வரச் சொல்லி, அதை மேல போர்த்திக்கிட்டு, நாலு மணி நேரம் நனைஞ்சது அம்மாதான்."