சுவரோரம் நின்றவன்

கண்ணாயிரம் ஷெட்டுக்குள் நுழைந்ததும் வெற்றிசெல்வன் கையிலிருந்த சின்ன நோட்டை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, மறுபடியும் சுவரோரம் போய் நின்றான். காலையிலிருந்து அவன் ஒரு பாக்கெட்டைக்கூடத் தொடவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து வரும் சாமையைச் சலித்து, எடை போட்டு, பாக்கெட்டில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவது கண்ணாயிரத்தின் தொழில். மூன்று மாதத்துக்கு முன்பு பவானி என்கிற அம்மாள் போன் செய்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கிற தொண்டு நிறுவனமாம். இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் வேலை கற்றுக்கொள்கிறவர், இன்னொருவர் கூடவே இருந்து கற்றுக்கொடுக்கிறவர், மூன்று மாதம் கழித்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாளே இருவரும் வந்தார்கள். வெற்றிசெல்வனின் நடையைப் பார்த்ததும் கண்ணாயிரத்துக்கு இரக்கம் பொங்கியது. கூட வந்த அஜித்தை அன்றிலிருந்து ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிட்டார்.

வாத்தியார் கறாரான ஆள். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். சாமை அள்ளும் கரண்டியை யாராவது இரண்டு விரல் தள்ளி வைத்துவிட்டால், அதைப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்த பாக்கெட்டை எடுப்பார். மணி ஒன்று அடித்தால் சாப்பாடு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. எடையில் ஒரு கிராம் பிசகாது. படித்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கண்ணாயிரம் மெச்சிக்கொண்டார்.

வெற்றிசெல்வன் நேர் எதிர். வந்த அன்றைக்கு மூட்டை, சல்லடை, தராசு, சீல் மெஷின் என்று வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினான். எழுதப் படிக்கத் தெரியாது போல, பாவம் என்று விட்டுவிட்டார். முதல் மாதம் வாத்தியார் பக்கத்திலேயே நின்று எதையாவது தொட்டுக்காட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் அதுவும் குறைந்துகொண்டே வந்தது. இப்போது மொத்தத்தையும் வாத்தியார் தலையில் கட்டிவிட்டு, நோகாமல் நொங்கு தின்கிறான்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டார். “இன்னா வெற்றி, கைய கட்டிக்கினு நின்னுக்கினே கீற?”

“இனிமே நிக்கிறதுதாங்க என் வேலை” என்று சிரித்தான்.

கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. போன மாதம் அவருக்கு வரவேண்டிய இரண்டு லோடு சாமை சின்னசேலம் பக்கத்து மில்காரனுக்குப் போயிருந்தது. இங்கே எந்த வண்டி எப்போது வருகிறது, எத்தனை மூட்டை இறங்குகிறது என்று உளவு சொல்ல ஆள் இல்லாமல் அது நடந்திருக்குமா? பாம்புக்குப் பால் வார்த்துவிட்டோமோ என்று பயந்தார்.

அவன் கை கழுவப் போனபோது ஜன்னலில் வைத்துவிட்டுப் போன நோட்டைப் புரட்டினார். தேதி போட்டுக் கோடு கோடாகக் கிழித்திருந்தான். முதல் வாரம் தினமும் நாற்பது கோடு. பிறகு இருபது, பத்து, மூன்று. கடைசிப் பத்து நாளும் வெறும் சைபர். மூட்டைக் கணக்கு என்றால் ஏறத்தானே வேண்டும்? உளவு வேலையில்கூடச் சோம்பேறி போலிருக்கிறது.

மூன்று மாதம் முடிந்த அன்று பவானி வந்தார். கண்ணாயிரம் படிவத்தை முன்பே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். ‘அஜித்தை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன். மற்றவர் தேவையில்லை.’ காலில் குறை உள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் தொழில் முக்கியமாயிற்றே.

பவானி அதை இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டார்.

“முழு மனசோடதான் எழுதுனீங்களாங்க?”

“ஆமாம்மா. அஜித் இல்லாம இனிமே எனக்கு இந்த ஷெட்டு ஓடாது.”

வெற்றிசெல்வனை நாளையிலிருந்து திருநாவலூரில் வேறோர் இடத்துக்கு அனுப்புவதாகப் பவானி சொன்னார். அங்கே எந்த முதலாளி மாட்டப்போகிறானோ என்று கண்ணாயிரம் நினைத்துக்கொண்டார்.

பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வாத்தியார் பக்கத்தில் நின்றார். அவர் நிமிரவில்லை, கரண்டியை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

“அஜித்து, ஒனக்கு வேலை கெடைச்சிடுச்சு. ஒன் வாத்தியாரு வெற்றிக்கு டாட்டா சொல்லு.”