கொடுக்க வந்தவர்

“வேணாம்ணே.”

பிரிஸ்கில்லா இதைச் சொன்னது மூணாவது தடவை. கிராம சபைக் கூட்டத்துல இருந்த அத்தனை பேரும் அவளை முறைச்சாங்க. தீர்மான நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு, பேனாவைத் திறந்தபடி உக்காந்திருந்த எனக்குத்தான் ஒண்ணும் புரியல.

நான் இஷாக். செம்பாறைக்குளம் ஊராட்சிச் செயலர். இருபத்திரண்டு வருச சர்வீஸ்ல எத்தனையோ சண்டையப் பாத்தாச்சு. எல்லாம் ‘எனக்குக் குடு, அவனுக்குக் குடுக்காத’ங்கிற சண்டை. இன்னைக்குக் குடுக்கிறவர் கெஞ்சுறாரு, வாங்குறவ வேணாங்கிறா. இந்தக் கூத்தை நான் எங்கேயும் கண்டதில்ல.

விசயம் இதுதான். பக்கத்து ஊரு வெள்ளைக்கரடு. வேடசந்தூர் போற வழியில நாலு நூல் மில்லு அந்த ஊர் எல்லைக்குள்ளதான் வருது. வரி வந்து கொட்டுது. எங்க ஊர்ல வீட்டு வரிய வசூல் பண்றதுக்குள்ள எனக்குச் செருப்புத் தேஞ்சிரும். ரெண்டு ஊரையும் ஒண்ணாச் சேத்துப் பேரூராட்சி ஆக்கலாம்னு பேச்சு. எங்க ஊர் சம்மதத்தைக் கேக்க வெள்ளைக்கரட்டுத் தலைவர் சார்லஸ் நேர்லயே வந்திருந்தாரு. தீர்மானத்தைக் கூட அவரே டைப் அடிச்சுக் கொண்டு வந்துட்டாரு.

“எங்க மில்லு வரியில உங்களுக்குத் தெரு லைட்டு, சிமெண்டு ரோடு, வீட்டுக்கு வீடு குழாய்” என்றார் சார்லஸ். “எங்க ஊர்க்காரன் என்னைய ஏசுறான். நம்ம காசை எதுக்குய்யா அடுத்த ஊருக்குக் குடுக்கணும்ங்கிறான். நாந்தான் அடக்கி வச்சிருக்கேன். கூடப் பொறந்தவங்ககிட்டக் கணக்குப் பாக்க முடியுமா?”

கைதட்டல் அடங்க செத்த நேரம் ஆச்சு. எங்க தலைவர் மொக்கைச்சாமிக்குக் கண்ணே கலங்கிருச்சு.

“இம்புட்டு நல்ல மனசு யாருக்கு வரும்? எழுதுங்க பாய்.”

‘ஏகமனதாக’ன்னு எழுத ஆரம்பிச்சேன். அப்பத்தான் பிரிஸ்கில்லா எந்திரிச்சு வேணாம்னா.

அவ எங்க ஊர் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர். பேரூராட்சி ஆயிட்டா அந்த வேலை ஊருக்குக் கிடையாது.

“நோட்டைத் தூக்கிட்டு நெழல்ல நின்னு ஆளெண்ணுற பொழப்பு போயிருமேன்னு பயம் அவளுக்கு” என்று பின்னாடி ஒருத்தர் சொன்னார்.

எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. இவ ஒருத்தி பொழப்புக்காக ஊரே இருட்டுல கிடக்கணுமா? எனக்குக் கோவமே வந்துருச்சு.

“காரணத்தைச் சொல்லும்மா. மொட்டையா வேணாம்னா நான் என்னன்னு எழுதுறது?” என்றேன்.

“சொல்றேன் பாய்.” அவ சார்லஸ் பக்கம் திரும்பினா. “போன வாரம் உங்க ஊர்ல இருந்து ரெண்டு பேரு வந்து, எங்க பழைய கல்குவாரிக் குழிய டேப்பு வச்சு அளந்தாங்க. ஆடி மாசம் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு என்கிட்டக் கேட்டாங்க. எதுக்குண்ணே?”

“ரோடு போடத்தான் தாயி. சர்வே எடுக்காம எப்படி?”

எனக்கு இன்னும் குழம்பிருச்சு. காத்துக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாளேன்னு நெனச்சேன்.

“ஏத்தா, நல்ல காரியத்துல குறுக்க நிக்காத” என்றார் மொக்கைச்சாமி. “நாளைக்கு ஊரு உன்னையத்தான் திட்டும்.”

“திட்டட்டும் தலைவரே. அந்தக் குழியில இருந்து நம்ம குடிதண்ணிக் கெணறு அம்பது அடி கூட இல்ல. நூத்தம்பது வீடு குடிக்குது.”

கெணறு எங்க இருந்து வந்துச்சு நடுவுல? எனக்குத் தலை கிறுகிறுத்துச்சு. பிரிஸ்கில்லா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா.

“சரிண்ணே. சேந்துக்கலாம்.”

கூட்டம் அப்பாடான்னு மூச்சு விட்டுச்சு.

“என் வேலை போகட்டும். இன்னைக்கே எழுதிக் குடுத்துர்றேன். உங்க மில்லு வரியும் எங்களுக்கு வேணாம். அம்புட்டையும் வெள்ளைக்கரடே வச்சுக்கட்டும். லைட்டு வேணாம், ரோடு வேணாம், ஒத்தப் பைசா வேணாம். கூடப் பொறந்தவங்களா மட்டும் சேந்துக்கிறோம்.”

இந்நேரம் வரைக்கும் காசு குடுத்தாலும் வேணாம்னவ, இப்பச் சும்மாவே சேந்துக்கிறேங்கிறா. இவளுக்கு என்னதான் வேணும்? எனக்குச் சத்தியமாப் புரியல.

சார்லஸுக்கு முகமெல்லாம் பல்லு. “இதுதாம்மா பெரிய மனசுங்கிறது. எழுதுங்க பாய்.”

“அதோட ஒரே ஒரு வரி சேத்துக்கங்க பாய்” என்றா பிரிஸ்கில்லா. “அந்தந்த ஊர்க் குப்பைய அந்தந்த ஊர் எல்லைக்குள்ளயே கொட்டிக்கணும்.”

நான் எழுதி, நோட்டை சார்லஸ்கிட்ட நீட்டினேன். அவர் ஒரு தடவை படிச்சார். கண்ணாடியப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை படிச்சார்.

“இது நடக்காதும்மா. எங்க ஊர்ல குப்பைக்கு ஏது எடம்?”

“பரவால்லண்ணே, அது உங்க பாடு. எங்களைச் சேத்துக்கிறதுல இப்ப உங்களுக்குச் செலவே இல்லையே. அதுல என்ன கஷ்டம்?”

சார்லஸ் நோட்டை என் மடியில தூக்கிப் போட்டார்.

“குப்பைக்கு எடம் கிடையாதுன்னா, உங்க ஊரை நான் எதுக்கும்மா சேத்துக்கணும்?”