எந்தக் கதவு?

"கதவு திறக்க மாட்டேங்குது, மேடம்."

மொபைலில் திறக்கும் பூட்டு விற்கும் கம்பெனியின் ஆபரேட்டர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எந்தக் கதவு, சார்?"

"எங்க வீட்டுக் கதவு."

"அப்படிச் சொன்னா எப்படி? எங்க சர்வர்ல ஊர் ஊரா ஆயிரக்கணக்கான பூட்டு இருக்கு. 'திற'ன்னு மட்டும் அனுப்பினா எது திறக்கும்? நம்பர் தப்பினா வேற யார் வீடாவது திறந்துக்கும்."

அவளைச் சுற்றி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மற்றவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவள் மட்டும் அடம்பிடித்து ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டால் அப்புறம் சத்தம் என்று எதுவும் இல்லை. இங்கே யாராவது திட்டவாவது செய்வார்கள்.

"மொபைல்ல அழுத்துறேன் மேடம். சும்மா சுத்திக்கிட்டே இருக்கு."

திரையைப் பார்த்தாள். "உங்க மொபைல் பழைய பூட்டோட நம்பரைத் தேடுது. அந்தப் பூட்டே இப்ப இல்ல சார். ரிப்பேர்னு வேற மாத்தியிருக்காங்க. நம்பரும் மாறிடுச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"சொல்லத்தான் போன் பண்ணியிருப்பாங்க. நீங்க எடுத்திருக்க மாட்டீங்க."

"ஆமா மேடம். எடுக்கல."

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"ஒருத்தங்கதான். வேலைக்குப் போயிருக்காங்க."

"அவங்களையே கூப்பிடலாமே?"

"எந்த முகத்தோட கூப்பிடறது? சண்டை போட்டுட்டுப் போனவன் நான்."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்காமலே கீழே வைத்தாள்.

"சரி, வாசல் எப்படி இருக்குன்னு சொல்லுங்க. சரியான கதவான்னு பார்க்கணும்."

"பச்சைக் கதவு. வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடக்கு. நான் போறப்ப விட்டுட்டுப் போனது." குரல் இறங்கியது. "அதுல ஒரு பொட்டுத் தூசி இல்ல, மேடம். யாரோ தினமும் துடைச்சு வைக்கிறாங்க."

எந்தப் பூட்டு என்று திரை கேட்டது. அவள் எங்கும் தேடவில்லை. விரல்கள் தாமாகவே எண்ணைத் தட்டின. 'திற' கொடுத்தாள். தூரத்தில் ஏதோ விடுபடும் சத்தம் காதில் விழுந்தது.

"திறந்துடுச்சா, சார்?"

"திறந்துடுச்சு."

போனை வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை. கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"இந்த சார், மேடமெல்லாம் போதும். வேலை முடிஞ்சு எப்ப வருவ, அம்மா?"