வசனம் வேண்டாத மாலுமி

"என்னைக் கொன்னுடாதீங்க சார். வீட்டுல ரெண்டாவது கொழந்தை பொறக்கப் போகுது."

மாலுமி உடுப்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான் வெர்ஜில். நீர்மூழ்கிக் கப்பலை ராட்சதக் கணவாய் மீன் ஒன்று கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே இருப்பவர்களில் ஒருவன் செத்தாக வேண்டும். அது யாரென்று முடிவு செய்வது பிளாட்கின் கையில் இருந்தது.

பிளாட்கின் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் கதாசிரியர். மேஜைமேல் இருந்த மனைவியின் படத்தை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தபடி கேட்டார்.

"உன்னைக் கொல்லப்போறேன்னு யாருப்பா சொன்னது?"

"யாரு சொல்லணும்? நாலு வருஷமா வாயத் தொறக்காம பின்னாடி நின்னு வால்வைத் திருகிட்டிருந்தேன், ஒரு வம்பும் வரல. இந்த வாரம் மூணு வரி வசனம் குடுத்திருக்கீங்க. 'கரைக்குப் போனதும் எனக்குக் கல்யாணம்'னு வேற பேச வச்சிருக்கீங்க. இப்படிப் பேசினவன் எவன் சார் கரை சேந்தான்? போன மாசம் ராய் பேசினான், ஜெல்லி மீன் முழுங்கிருச்சு. இப்ப பெட்ரோல் பங்க்ல கார் கண்ணாடி தொடைக்கிறான்."

பிளாட்கினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹாலிவுட்லயே வசனத்தை வெட்டுங்கன்னு கெஞ்சுற மொத நடிகன் நீதான்."

"மூணு வரியையும் கேப்டனுக்கே குடுத்துடுங்க. அவருதான் எதுலயும் சாகமாட்டாரு."

ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாலே காப்பிக் கோப்பையை விட்டெறிகிற மனிதர் பிளாட்கின். இன்று அந்தக் கோப்பையையும் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு தட்டச்சு இயந்திரத்தில் புதிய தாளைச் செருகினார்.

"சரி, நீ சாகல. கணவாயை நீயே கொல்லு. கேப்டனையும் நீயே காப்பாத்து. கடைசில அட்மிரல் உனக்குப் பதக்கம் குத்துறாரு. போதுமா?"

வெர்ஜிலுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய வழுக்கைத் தலையில் ஈர முத்தம் ஒன்று வைத்தான். அங்கிருந்த தொலைபேசியிலேயே மனைவியைக் கூப்பிட்டான்.

"லொரெட்டா, பொழச்சுட்டேன்டி. பாத்து வச்ச வீட்டுக்குச் சரின்னு சொல்லிடு. ஆமாடி, இனிமே நான்தான் ஹீரோ."

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு ஒரு பயம் வந்தது. பதக்கம் வாங்குவது எப்போதும் கேப்டனாக நடிப்பவர்தான். அந்த ஆள் லேசில் விடமாட்டார்.

"கேப்டன் கோவிச்சுக்கமாட்டாரா சார்?"

பிளாட்கின் பெட்டியை மூடிக் கயிற்றால் கட்டினார்.

"கோவிச்சு என்ன ஆகப்போகுது? இதுதாம்ப்பா கடைசி எபிசோட், சனிக்கிழமை கப்பல் செட்டையே உடைக்கிறாங்க."